கதையில் இல்லாத தம்பி

கூட்டங்களுக்குக் கூப்பிட்டால் ஒரு கேள்வி தப்பாமல் வரும். நீங்கள் எப்படி எழுத வந்தீர்கள்? மற்றவர்கள் நூலகம், நல்ல தமிழாசிரியர், அப்பா வாங்கிக் கொடுத்த புத்தகம் என்று ஏதாவது சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் நாட்காட்டியைத் தவிர அச்சடித்த காகிதம் இருந்ததில்லை. என் அப்பாவும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். இருவருக்கும் நடுவில் பேச்சைச் சுமந்து நடந்தேன். அதில்தான் எழுத்து வந்தது. இதைச் சொன்னால் கைதட்டுகிறார்கள். தட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

சூலூரிலிருந்து உள்ளே தள்ளிப் போகும் ஊர் எங்களுடையது. முன்னால் வீடு, பின்னால் தறிக்குடோன். ஆறு விசைத்தறி ஓடியது. அம்மா அடுப்படியில் இருப்பாள், அப்பா குடோனில் இருப்பார். நடுவே ஒரு வாசல், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு முருங்கை மரம்.

பேச்சு நின்ற காரணம் இது. அம்மாவின் தம்பி புது வீடு கட்டினார். பால் காய்ச்சுவதற்கு அழைக்க வந்தார். எங்கள் பக்கம் வீட்டு மாப்பிள்ளையை நேரில் பார்த்து, வெற்றிலை பாக்கு வைத்து, வாயால் அழைக்க வேண்டும். அவர் வந்த நேரம் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் போய் யார் கத்துவது என்று நினைத்தாரோ என்னவோ, வெற்றிலையை அம்மா கையில் கொடுத்து, "மச்சாங்கிட்டச் சொல்லிப்போடுக்கா, அவசரமாப் போகோணும்" என்று வண்டியை எடுத்துவிட்டார். அம்மா போய்ச் சொன்னாள். "எனக்கு யாரும் சொல்லல" என்றார் அப்பா. அம்மா தனியாகப் போய்வந்தாள். அன்று சாயங்காலத்திலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. அவளும் இறங்கி வரவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது, தம்பிக்கு மூன்று.

தனக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள் என்பதுதான் அந்த மனிதரின் கோபம். அதற்கப்புறம் அவர் தன் பெண்டாட்டியிடம் பேசிய ஒவ்வொரு சொல்லையும் ஆள் மூலம்தான் சொல்லியனுப்பினார். இதில் உள்ள கூத்து அவருக்கு இன்றுவரை தெரியாது. வெளியில் அவரைப் போல மரியாதையான ஆள் கிடையாது. நூல் இறக்க வரும் டிரைவரிடமும், கைக்குழந்தையிடமும், "வாங்க கண்ணு, சாப்டீங்களா?" என்பார். அம்மாவிடம் அந்தச் சாப்பிட்டீர்களா இல்லை.

நான் நடந்தேன். அம்மா சொல்வாள்: "உங்கப்பன்கிட்டச் சொல்லு. தின்னாத் திங்கட்டும், இல்லாட்டித் தறிக்கு ஊட்டட்டும்." நான் குடோனுக்குள் போய் அவர் காதருகில், "அப்பா, சோறு ஆறுதுங்க" என்று கத்துவேன். அவர் தறியை நிறுத்தாமல், "அவளையே தின்னுக்கச் சொல்லு" என்பார். நான் திரும்பி வந்து, "கைவேலை முடிஞ்சதும் வாரேன்னாருங்கம்மா" என்பேன். அவர் வருவார். பசித்தால் வரத்தானே வேண்டும். அம்மா நான் சொன்னதை நம்பிக்கொள்வாள்.

ஓடும் தறிக்குப் பக்கத்தில் நீளமாகப் பேச முடியாது. நாலு சொல்லுக்குள் முடிக்க வேண்டும். என் வாக்கியங்கள் குட்டையாக இருக்கின்றன என்று ஒரு விமர்சகர் பாராட்டி எழுதினார். பெரிய பெரிய காரணமெல்லாம் கண்டுபிடித்திருந்தார். தறிச் சத்தம்தான் காரணம்.

தம்பிக்கு ஐந்து வயதானதும் அவனையும் அனுப்பினார்கள். அவனுக்கு மாற்றிச் சொல்லத் தெரியாது. காதில் விழுந்ததை அப்படியே கொண்டுபோய்ப் போடுவான். ஒருநாள் அடுப்படியில் நின்று, "அம்மா, அப்பா உன்னையச் சனியன்னு சொல்லச் சொன்னாரு" என்றான். கரண்டிக் காம்பால் முதுகில் விழுந்தது. நான் அவனைத் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப்போய்ச் சொல்லிக் கொடுத்தேன்.

"கேட்டதையெல்லாம் சொல்லாதடா. வேணுங்கறத மட்டும் சொல்லு."

"அப்பா சொன்னது அது இல்லையேக்கா."

"இல்லாட்டி என்ன?"

"சொல்லாததைச் சொன்னாப் பொய்யில்லையா?"

அவனுக்குப் புரியவே இல்லை. அடி வாங்கிக்கொண்டே உள்ளதைச் சொன்னான். நான் அடி வாங்காமல் பொய் சொன்னேன். நான் எழுத்தாளர் ஆனேன்.

இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்தேன். மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனியில் வேலை. வார்ப்பிலிருந்து வரும் இரும்புப் பாகங்களைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பேன். நல்லது கணீர் என்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப் போகும். தட்டித் தட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். பகலில் இது. மிச்ச நேரத்தில் சமையல், பிள்ளை, கதை. கல்யாணமான பதினெட்டு வருடத்தில் இரண்டு புத்தகம் வந்தது. எங்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை. நானும் கொடுத்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வீட்டைப் பற்றியே ஒரு கதை எழுதினேன். ஒரு சிற்றிதழ் ஆசிரியர் படித்துவிட்டுப் போன் செய்தார். "கதை பிரமாதம். ஒரு ஆள் அதிகமா இருக்கு. அந்தப் பையன் எதுக்கு? நடுவுல ஒரே ஒரு குழந்தை நடந்தா எவ்வளவு கூர்மையா இருக்கும், யோசிங்க." யோசித்தேன். சரி என்று பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து தம்பியை எடுத்துவிட்டேன். அவன் செய்ததையெல்லாம் அந்த மகள் செய்வதாக மாற்றினேன். கதை கூர்மையாகத்தான் ஆனது. ஊர் பெயர், சாதி, வயது எல்லாவற்றையும் மாற்றினேன். வீட்டுக் கேட்டை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன்.

எங்கள் ஊர் வானத்தில் விமானப்படை விமானங்கள் பறந்துகொண்டே இருக்கும். அப்பாவுக்கு அதில் ஒரு கிறுக்கு. இரும்புக் கேட்டின் நடுவில் தகட்டால் ஒரு விமானம் செய்து பற்றவைத்து, அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். அந்த ஜில்லாவில் அப்படி ஒரு கேட்டு வேறு கிடையாது. கதையின் முதல் வரியிலேயே அதை வைத்திருந்தேன். தினமும் விரிசல் பார்க்கிறவளுக்கு இது கண்ணில் படவில்லை.

கதை வந்தது. நாலு பேர் அழுததாகச் சொன்னார்கள். கோயமுத்தூரில் ஒரு கூட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் தனியாக வாசித்தார்கள். அப்பாவுக்கு நெஞ்சுவலி வரும் பகுதி அது. எல்லோரும் அதைத்தான் பாராட்டினார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

இந்தப் பக்கம் தம்பிக்குப் பெண் கிடைக்காமல் இழுத்துக்கொண்டே போனது. தறி ஓட்டுகிறவனுக்குப் பெண் தர யாரும் தயாராக இல்லை. தரகர்கள் வந்தார்கள், ஜாதகத்தை வாங்கினார்கள், போனார்கள். ஆறு வருடம். கடைசியில் அவனுக்கு முப்பத்தாறு வயதாகும்போது அந்தியூர்ப் பக்கம் ஒரு பெண் அமைந்தது. அவன் போனில் பேசும் குரலே மாறியது. அவன் சிரித்து நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

பெண்ணின் தாய்மாமன் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எங்கள் நல்ல நேரமோ கெட்ட நேரமோ, அந்தச் சிற்றிதழை வாங்கிப் படிக்கிற சில நூறு பேரில் அவர் ஒருவர். வீடு பார்க்க வந்தவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். அப்பா கும்பிட்டு, "வாங்க வாங்க, ஏனுங்க அங்கயே நின்னுட்டீங்க?" என்றார்.

"இல்லீங்க, இந்த ஏரோப்ளேனை எங்கியோ படிச்சிருக்கறனுங்க" என்றாராம் அவர். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு கதையைச் சொல்லியிருக்கிறார். அப்பா ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வந்தவருக்குக் காபி கொடுக்க வேண்டுமே என்று, மூன்றடி தள்ளி நின்ற அம்மாவை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்து, "உங்கம்மாகிட்டக் காபி வெக்கச் சொல்லு" என்றார். தம்பி திரும்பி, "அம்மா, காபி" என்றான். தாய்மாமன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாராம். காபியைக் குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றமுங்க" என்று எழுந்துவிட்டார். பஸ்ஸில் படிக்கப் பையில் வைத்திருந்த அந்த இதழைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் தம்பி கூப்பிட்டான்.

"கல்யாணம் நடந்தா இணைச்சீருக்குச் சித்தப்பா பொண்ணு உக்காந்துக்குவா. நீ வர வேண்டாம்."

"என்னடா பேசற?"

"நடக்காட்டி அந்தக் கவலையும் இல்ல" என்று வைத்துவிட்டான்.

இணைச்சீர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கல்யாணப் பெண் மாதிரியே சீவிச் சிங்காரித்து அவன் பக்கத்தில் உட்காருவாள். மடித்த புதுச் சேலையின் ஒரு முனை அவன் கையில் இருக்கும், மறுமுனை இவள் கையில் இருக்கும். ஒருத்தி வருவதால் உனக்கும் எனக்கும் உள்ளது அறுந்துபோகாது என்று அர்த்தம். அக்காள் தங்கை இல்லாதவனுக்குத்தான் சித்தப்பா மகள், பெரியப்பா மகள். சொந்த அக்காள் பந்தியில் உட்கார்ந்திருக்க இன்னொருத்தி சேலையைப் பிடித்தால், வந்த ஒரம்பரை, சொந்தபந்தம் முழுக்க அந்த அக்காளை எழவு வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்க்கும். எனக்கு ஊர் பார்ப்பது பெரிதில்லை என்று சொல்லிக்கொண்டேன். பெரிதாகத்தான் இருந்தது. எனக்கு இருப்பது ஒரு தம்பி. அந்தச் சேலையை எனக்கு வேறு யாரும் நீட்டப் போவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வா அம்மணி" என்றாள், முறத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஞாயிறு என்பதால் தறி ஓடவில்லை. அந்த அமைதியில்கூட அம்மா தம்பியிடம், "உங்கப்பனுக்கு மாத்திரை நேரமாச்சுன்னு சொல்லு" என்றாள். அப்பாவுக்கு அது கேட்டிருக்கும். கேட்காத தூரமில்லை. ஆனாலும் தம்பி போய், "மாத்திரை போடோணுமாம்" என்று சொல்லும்வரை அவர் அசையவில்லை. நான் வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து அவன் இதையேதான் செய்துகொண்டிருக்கிறான். அதை உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

தம்பி ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"எழுது."

"என்னத்தை?"

"எல்லாம் கற்பனை, எங்கப்பாம்மா நல்லாத்தான் பேசிக்குவாங்க, பேருக்காக எழுதிப்போட்டேன்னு எழுதி, கையெழுத்துப் போடு. மாமன்கிட்டக் கொண்டுபோய்க் குடுக்கறேன்."

எனக்கு ஏறியது. "மாட்டேன். நடந்ததைத்தான் எழுதியிருக்கேன். முப்பத்தி மூணு வருசமா ஊமை நாடகம் போடறது இவங்க, கையெழுத்து நான் போடோணுமா? வெக்கப்பட வேண்டியது நானா, இவங்களா? கேளு. நீயே கேளு. நீதான் தபால்காரனாச்சே" என்று கத்தினேன்.

அப்பா எழுந்து உள்ளே போனார். அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தம்பி கத்தவில்லை. அலமாரியிலிருந்து அந்த இதழை எடுத்துவந்து கட்டிலில் போட்டான். கதை இருந்த பக்கம் மடங்கியிருந்தது.

"நடந்ததை எழுதுனியா?"

"ஆமா."

"இதுல நான் எங்க?"

மடங்கிய பக்கத்தை விரலால் நீவினேன்.

"அப்பா நெஞ்சைப் புடிச்சுட்டு விழுந்தன்னைக்கு நீ எங்க இருந்த? கோயமுத்தூர்ல. ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன்னு அவர் எங்கிட்டச் சொல்ல, போகோணும்னு சொல்லுன்னு அம்மா எங்கிட்டச் சொல்ல, ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுட்டுச் சொல்லிச் சொல்லி, கடைசில நான்தான் அவரைத் தூக்கி வண்டில போட்டேன். இதை உங்கிட்டப் போன்ல சொல்லி அழுதேன். ஞாபகம் இருக்குதா? இதுல அந்தப் புள்ள தூக்கறா. நீ தூக்குனியா?"

கூட்டத்தில் வாசித்த பகுதி அதுதான்.

"பத்திரிகை ஆசிரியர் ஒரு ஆள் அதிகமா இருக்குன்னாரு" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது.

"அந்த ஒரு ஆள் நானா?"

அம்மா புடைப்பதை நிறுத்திவிட்டு, "யாருடா அதிகம்?" என்றாள்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவன் கோபமில்லை. பெண் வீட்டுக்குத் தெரிந்தது கவலை, அவ்வளவுதான். கோபம் இதில் இருந்தது. அவன் வாழ்நாளில் பாதியைத் தின்ற ஒரு வேலையை நான் எழுதினேன், அவனை வெளியே தள்ளிவிட்டு, அந்த வேலையை என் பேரில் போட்டுக்கொண்டேன். வீட்டுத் துக்கத்தை எழுதுகிற எல்லோரும் இதைச் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். கூடவே கிடந்து உழன்றவன் ஒருவன் இருப்பான். எழுதுகிறவர் கையில் பேனா இருப்பதால் துக்கம் முழுக்க அவருடையதாகிவிடும். இலக்கியக்காரர்கள் இதற்கு வடிவம், செறிவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நானும் அதைச் சொல்லித்தான் தப்பித்தேன்.

தாளை எடுத்தேன். எழுதினேன். ஆறு வரிதான்.

"ஐயா, வணக்கம். கதையில் உள்ளது நடந்தது. ஒன்று மட்டும் பொய். அந்த வீட்டில் ஒரு மகனும் இருந்தான். நான் கல்யாணமாகிப் போன பிறகு பதினெட்டு வருடம் அவன்தான் நடந்தான். அப்பாவைத் தூக்கியதும் அவன்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது, சின்ன வயதிலிருந்தே. பெண் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்."

தம்பி படித்தான். "கற்பனைன்னு எழுதச் சொன்னா, நான் இருந்தேன்னு எழுதியிருக்க" என்றான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பஸ் நிறுத்தம் வரை வந்து விடுவான் வழக்கமாக. அன்று வரவில்லை. அதற்கப்புறம் என்னோடு பேசவும் இல்லை. நான் கூப்பிட்டால் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவான்.

அந்தக் கடிதத்தைக் கொடுத்தானா, கிழித்தானா என்று தெரியாமல் இரண்டு வாரம் போனது. அந்த நாட்களில் கதையில் தம்பியைத் திரும்பச் சேர்க்கப் பார்த்தேன். சேர்த்தால் கதை நீண்டது, இரண்டாகப் பிளந்தது, முடிவு தள்ளிப் போனது. சிற்றிதழ் ஆசிரியருக்கு அனுப்பினேன். "முதல் வடிவம்தான் சரி, இதில் கூர்மை போச்சு" என்றார். "போனாப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். புத்தகமாக வரும்போது நீண்ட வடிவம்தான் வரும். படிக்கப் பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம்.

பிறகு ஒருநாள் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அந்தியூர்ப் பெண்.

"அண்ணி, நான்தானுங்க பேசறேன். மாமா கதையையும் குடுத்தாரு, கடிதாசியையும் குடுத்தாருங்க. ரெண்டையும் படிச்சேன்."

"என்ன முடிவு பண்ணுன கண்ணு?"

"வாரேனுங்க. ஆனா அந்த வேலைய நான் செய்யமாட்டேனுங்க. சோறு வேணும்னாலும் மாத்திரை வேணும்னாலும் அவங்களே கேட்டுக்கோணும். நடுவுல நான் நடக்கமாட்டேன். இதை உங்க தம்பிகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

"நேரா அவங்கிட்டயே சொன்னியா?"

"பின்ன, ஆள் வெச்சா சொல்லுவாங்க?" என்று சிரித்தாள்.

கல்யாணம் உறுதியானது. பத்திரிகை தபாலில் வந்தது. மேலே என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் தம்பியின் கையெழுத்தில் இருந்தது. அதற்குள் வேறு துண்டுச்சீட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இல்லை. "போலாம், சாப்பிட்டுட்டு வந்தரலாம்" என்றார் வீட்டுக்காரர். அவர் எதையும் பெரிதாக்க மாட்டார்.

முகூர்த்தத்தன்று விடிந்ததும் மண்டபத்துக்குப் போய் நடு வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். முன் வரிசைக்குப் போகவில்லை. இரண்டு பெரியம்மாக்கள் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். மேடையில் தம்பி பட்டுவேட்டியோடு உட்கார்ந்திருந்தான். அப்பா ஒரு ஓரம், அம்மா மறு ஓரம். அப்பா வந்தவர்களை எல்லாம், "வாங்க, வாங்க" என்றுகொண்டிருந்தார்.

சித்தப்பா மகள் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். இணைச்சீருக்கு அலங்காரம் பண்ணியிருக்க வேண்டியவள், சாதாரணப் பட்டில் இருந்தாள். கையில் ஒரு பை.

"அக்கா, எந்திரிங்க. பூவும் நகையும் இதுல இருக்குது. வெரசாச் சேலை மாத்துங்க. அண்ணன் உங்களை உக்காரச் சொன்னாரு."

"அவனா சொன்னான்?"

"ஆமாங்க."

"அப்படியேவா சொன்னான்? என்ன சொன்னானோ அதை அப்படியே சொல்லு."

அவள் பையின் காதைத் திருகினாள். "அப்படியேதான்னு வெச்சுக்குங்களேன்க்கா" என்றாள். எனக்கு அந்த முகம் தெரியும். ஏழு வயதிலிருந்து எனக்கு இருந்த முகம் அது. என்ன சொல்லியிருப்பான்? 'அவளையே வந்து உக்காந்து தொலையச் சொல்லு' என்றிருப்பான். அல்லது அதுவும் இல்லாமல் தலையை மட்டும் ஆட்டியிருப்பான். நான் கேட்கவில்லை. எழுந்து போய்ச் சேலை மாற்றினேன்.

அவன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மடித்த சேலையை நீட்டினார்கள். ஒரு முனையை அவன் பிடித்தான், ஒரு முனையை நான் பிடித்தேன். மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் பாட ஆரம்பித்தார், உடுக்கைச் சத்தம் தறிச் சத்தத்துக்குக் குறையவில்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மூன்று மாதமாக அவனிடம் சொல்ல வைத்திருந்தது நிறைய இருந்தது. முனையை இறுக்கிப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது.

"அக்கா" என்றான், முன்னாலேயே பார்த்துக்கொண்டு. "இழுக்காத. என் கையில இருந்து உருவிட்டு வருது."

தளர்த்தினேன். சேலை நடுவில் தொய்ந்தது.

"அவ்வளவும் விடாத."

"இப்படியா?" என்றேன்.

"ம்" என்றான்.